கலம் பேசாவிட்டால் கருகிவிட்டது என்று பொருளா?

ஆர்.கே.பேட்டையிலிருந்து ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா நேர்கோட்டில் ஏறத்தாழ 100 கி.மீ. ராக்கெட் ஏறுவதைப் பற்றி இந்தப் பகுதியில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. விண்கலம் திரும்பி இறங்குவதைப் பற்றித்தான் தப்பான எண்ணங்கள் உலவுகின்றன.

நம்பிக்கை: காற்றில் உரசி கலம் பற்றி எரிகிறது. அந்தச் சூட்டில் ஆன்டெனா கருகுவதால்தான் ரேடியோ தொடர்பு அறுகிறது.

உண்மை: நொடிக்கு ஏழெட்டு கி.மீ. வேகத்தில் கலம் பாயும்போது முன்னாலுள்ள காற்றுக்கு விலக நேரம் இல்லை, நசுங்குகிறது. அப்படி நசுங்கியே பல ஆயிரம் டிகிரிக்குச் சூடேறுகிறது. உரசலின் பங்கு குறைவு. அந்தச் சூட்டில் மூலக்கூறுகள் உடைந்து எலக்ட்ரான்கள் கழன்று, கலத்தைச் சுற்றிப் பிளாஸ்மா உறை மூடுகிறது. உள்ளே கருவிகள் நன்றாகவே இயங்கும். அலைதான் வெளியே போகாது.

இந்தத் தடுப்பு நமக்குப் பழக்கமானதே. இலங்கை வானொலியின் சிற்றலை கடல் தாண்டி வந்து ஒலித்தது, வானத்து அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்பியதால். அதுவும் பிளாஸ்மாதான். அங்கே கன சென்டிமீட்டருக்கு 10 லட்சம் எலக்ட்ரான் இருந்தால், 9 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைகள் திருப்பி அனுப்பப்படும். கலத்தின் உறையில் அதே அளவு இடத்தில் லட்சம் கோடி எலக்ட்ரான் சேரலாம். அப்போது வரம்பு 9,000 மெகாஹெர்ட்ஸ். விண்கலங்கள் வழக்கமாகப் பேசுவது 2,200 மெகாஹெர்ட்ஸை ஒட்டி. எப்படி வெளியே வரும்? பிளாஸ்மா அலையைத் திருப்புவதைப் பக்கத்திலேயே காணலாம்: தமிழ்நாட்டு எல்லைக்கு அப்பால், திருப்பதி அருகே காதங்கியில் உள்ள 53 மெகாஹெர்ட்ஸ் ரேடார், எரிகற்கள் விட்டுச்செல்லும் பிளாஸ்மாத் தடத்திலிருந்து திரும்பும் எதிரொலியைப் பதிவு செய்கிறது. ஆர்.கே.பேட்டையிலிருந்து அது 50 கி.மீ.க்கும் குறைவான தொலைவுதான்.

நம்பிக்கை: தொடர்பு அறுந்தால் விபத்து. கல்பனா சாவ்லாவுக்கு நடந்ததும் அதுதான்.

உண்மை: இல்லை. அவர் சென்ற கொலம்பியா போன்ற விண்ணோடங்கள் இறங்கும்போது, உறை மெலிந்திருக்கும் மேற்பக்கம் வழியாகச் செயற்கைக்கோளுடன் பேச முடிந்தது. 2003 பிப்ரவரி 1 அன்று பேச்சு நின்றதற்குக் காரணம் பிளாஸ்மா அல்ல. இடது இறக்கையில் ஏற்பட்டிருந்த சேதத்தால் ஓடமே சிதைந்தது. அதற்கு நேர்மாறு அப்போலோ 13. 1970 ஏப்ரல் 17 அன்று மௌனம் எதிர்பார்த்ததைவிட ஒரு நிமிடத்துக்கும் மேல் நீண்டது. ஆனால் அதிலிருந்த மூவரும் பத்திரமாகக் கடலில் இறங்கினார்கள்.

நம்பிக்கை: இதற்கு வழியே இல்லை.

உண்மை: உண்டு. 2024 மார்ச்சில் ஸ்டார்ஷிப் என்னும் பெரிய விண்கலம், பிளாஸ்மா சூழ்ந்திருந்தபோதே ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் வழியாகப் படம் அனுப்பியது. சிறிய கலத்தை உறை முழுதாகப் போர்த்துவதால் அதற்கு இந்த வசதி எளிதில் கிடைப்பதில்லை. இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா 2025 ஜூலை 15 அன்று திரும்பிய டிராகன் கலமும் சில நிமிடம் பேசாமல்தான் இருந்தது.

ககன்யானில் நம் வீரர்கள் திரும்பும் நாளிலும் திரையில் இப்படியொரு மௌனம் வரலாம். அந்தச் சில நிமிடங்களில் ‘கலம் வெடித்துவிட்டது’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால், தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.