மண் காக்கும் பங்கு

நுழையும்முன்

உழவர் ஒருவர் தம் நிலத்தில் வரப்பு எழுப்பி மண்ணரிப்பைத் தடுக்கிறார். அதன் பயன் அவருக்கு மட்டும் உரியதா? ஊருக்கும் உரியதா? அவ்வாறாயின் அச்செலவை யார் ஏற்பது? விடை தேடுவோம், வாருங்கள்.

பாடப்பகுதி

சண்டிகர் நகருக்கு அழகு சேர்ப்பது சுக்னா ஏரி. சிவாலிக் மலையடிவாரத்திலிருந்து வரும் ஓடையின் குறுக்கே அணை கட்டி, 1958ஆம் ஆண்டு இவ்வேரி உருவாக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே ஏரியில் வண்டல் நிறையத் தொடங்கியது. தூர் வாரத் தூர் வார, மீண்டும் மண் வந்து சேர்ந்தது.

அம்மண் எங்கிருந்து வந்தது? 1970களில் ஆய்வாளர்கள் நீர் வரும் வழியே மேல்நோக்கித் தேடிச் சென்றனர். அரியானாவில் சுகோமாஜ்ரி என்னும் சிற்றூரைச் சூழ்ந்த குன்றுகள், மரமும் புல்லும் இன்றி வெறுமையாகக் கிடந்தன. ஊராரின் ஆடுமாடுகள் அங்கே மேய்ந்தன. மழை பெய்தபோதெல்லாம் மேல்மண் கரைந்தோடியது. மேய்ச்சலை நிறுத்துங்கள் என்று கூறுதல் எளிது. ஆனால், மழையை மட்டுமே நம்பி உழுத அம்மக்களுக்குக் கால்நடைகளே உற்ற துணை. நகரத்து ஏரிக்காக அவர்கள் ஏன் இழப்பை ஏற்க வேண்டும்?

இவ்வினாவுக்கு விடை காண உழைத்தவர் பி.ஆர். மிஸ்ரா என்னும் மண்வளப் பாதுகாப்பு அறிஞர். 1976இல் அவ்வூரில் மண் அணை ஒன்று கட்டப்பட்டது. தேங்கிய மழைநீர் பின்னர் வயல்களுக்குப் பாய்ந்தது. கட்டுமானச் செலவு வெளியிலிருந்து வந்தது. குன்றுகளைக் காப்பது ஊராரின் பங்காயிற்று. நிலம் இருப்பினும் இல்லாவிடினும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் நீரில் சம பங்கு என்று ஊரார் முடிவு செய்தனர். நிலமற்றவர் தம் பங்கைப் பிறருக்கு விற்கலாம். ஆதலால் அனைவரும் காவலர் ஆயினர். குன்றுகளில் புல் செழித்தது. ஏரிக்கு வரும் மண் பெரிதும் குறைந்தது.

மேட்டில் தடுத்த மண், பள்ளத்தில் உள்ள ஏரியைக் காக்கிறது. பயன் இரு சாராருக்கும் உரியது. எனவே செலவும் இரு சாராருக்கும் உரியது. இதுவே செலவுப் பகிர்வு.

நீர்வடிப்பகுதி மேம்பாட்டுக்காக 2008ஆம் ஆண்டு நடுவண் அரசு வகுத்த நெறிமுறைகளும் இக்கருத்தை ஏற்றன. தனியார் நிலத்தில் செய்யப்படும் மண், நீர்ப் பாதுகாப்புப் பணிகளுக்கு நிலவுடைமையாளர் குறைந்தது 10 விழுக்காடு தர வேண்டும். சிறு, குறு உழவர்க்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினர்க்கும் அது 5 விழுக்காடு. பணம் இல்லாதவர் உழைப்பாகவும் தரலாம். அத்தொகை ஊர் நிதியில் சேர்ந்து, பிற்காலப் பராமரிப்புக்குப் பயன்படும். தாமும் கொடுத்துக் கட்டிய வரப்பு உடைந்தால், எவரும் வாளாவிருப்பதில்லை அல்லவா?

தமிழ்நாட்டில் ஏரி, குளங்களை ஊராரே கூடிச் செப்பனிடும் பழைய வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். 2017இல் அரசு அதனைப் புதுப்பித்தபோது, செலவில் 10 விழுக்காடு உழவர்களின் பங்காக வைக்கப்பட்டது.

எனினும், பங்கு சுமையாகிவிடக் கூடாது. சொட்டுநீர்ப் பாசனம் அமைக்கச் சிறு, குறு உழவர்க்கு 55 விழுக்காடும், ஏனையோர்க்கு 45 விழுக்காடும் மானியம் என்பது நடுவண் திட்டத்தின் விதி. எஞ்சிய தொகையைத் திரட்ட இயலாத ஏழை உழவருக்கு அம்மானியம் எட்டாக்கனியே. எனவே, தமிழ்நாட்டில் மாநில அரசும் நிதி சேர்த்துச் சிறு, குறு உழவர்க்கு முழு மானியம் வழங்குகிறது. எவரிடம் எவ்வளவு பங்கு கேட்பது என்பதில்தான் திட்டத்தின் அறம் அடங்கியுள்ளது.

சொற்பொருள்

வண்டல் – நீர் அடித்து வந்து படியும் மண்
நீர்வடிப்பகுதி – மழைநீர் வடிந்து ஓரிடத்தில் சேரும் நிலப்பரப்பு
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கு
குறு உழவர் – ஒரு ஹெக்டேர் வரை நிலம் உடையவர்
சிறு உழவர் – ஒரு ஹெக்டேருக்கு மேல் இரண்டு ஹெக்டேர் வரை நிலம் உடையவர்
வாளாவிருத்தல் – ஒன்றும் செய்யாது இருத்தல்

பயிற்சி

1. பிரித்து எழுதுக: மண்ணரிப்பு, இவ்வேரி, இவ்வினா.
2. நிலமற்றவர்க்கும் நீரில் பங்கு அளித்தது ஏன்?
3. வரப்பு அமைக்க ரூ.20,000 செலவாகிறது. 2008ஆம் ஆண்டு நெறிமுறையின்படி குறு உழவரின் பங்கு எவ்வளவு?
4. முழு மானியம் நன்றா, உழவரும் பங்கு தருவது நன்றா? இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.
5. நீங்கள் வாழும் ஊரின் ஏரி அல்லது ஆற்றுக்கு நீர் எங்கிருந்து வருகிறது? பெரியோரிடம் கேட்டு ஐந்து வரிகள் எழுதுக.