மறந்து வைத்த பையும் மறக்கக் கூடாத வரிசையும்



வெளிநாட்டுச் சுற்றுலா சென்று திரும்பியவர்கள் எங்கள் களமசேரிக் கிளைக்கு வருவது பெரும்பாலும் இரண்டு காரணங்களுக்காகவே. கையில் மீந்த அந்நியச் செலாவணியை மாற்றிக்கொள்ள வருவோர் ஒரு சாரார். எதையோ எங்கோ விட்டுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் வருவோர் மற்றொரு சாரார். இக்கட்டுரை இரண்டாம் சாராருக்கானது.

ஒரு திங்கட்கிழமை காலை, கிளை திறந்த சில நிமிடங்களில் ஒரு தம்பதியர் வந்தனர். தொழிற்சாலைப் பணிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து களமசேரியிலேயே நிலைத்துவிட்ட குடும்பம். அம்மையார் ஓய்வு பெற்ற ஆசிரியை. ஆறு நாள் சிங்கப்பூர்ப் பயணம் முடித்து, சனிக்கிழமை இரவு நெடும்பாசேரியில் வந்து இறங்கியிருக்கின்றனர். வீட்டுக்கு வந்த பிறகே அம்மையாரின் கைப்பை இல்லை என்பது தெரிந்திருக்கிறது. விடுதியிலிருந்து சாங்கி விமான நிலையம் வரை வந்த டாக்சியின் பின்இருக்கையில் அது தங்கிவிட்டது. பாஸ்போர்ட்டுகள் கணவரின் சட்டைப்பையில் இருந்ததால் பயணம் தடைபடவில்லை.

பையில் என்னென்ன இருந்தன என்று கேட்டோம். ஓய்வூதியக் கணக்கின் டெபிட் கார்டு, வங்கிக் கணக்குடன் இணைத்த எண்ணுள்ள கைப்பேசி, மூக்குக் கண்ணாடி, ஒரு சிறு நாட்குறிப்பு. அம்மையார் சற்றுத் தயங்கி, “அந்த நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில்தான் சார், பின் நம்பரை எழுதி வைத்திருந்தேன்” என்றார்.

பை கைவிட்டுப் போய் முப்பத்தாறு மணி நேரத்திற்கும் மேல் ஆகியிருந்தது. கார்டு முடக்கப்படவில்லை. ஏன் உடனே தெரிவிக்கவில்லை என்று கேட்டபோது கிடைத்த விடை, நாங்கள் பலரிடம் கேட்டதுதான்: “கார்டை முடக்கினால் ஓய்வூதியம் நின்றுவிடுமோ என்று பயந்தோம். பை எப்படியும் கிடைத்துவிடும் என்றும் நினைத்தோம்.”

பொருளை மீட்கும் முயற்சியில் பெரும்பாலோர் தவறுவது முயற்சியில் அன்று, வரிசையில். முதலில் பொருளைத் தேடுகின்றனர். பிறகே பணத்தைப் பற்றி நினைக்கின்றனர். வரிசை இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும்: முதலில் கசிவதை அடைக்க வேண்டும்; அடுத்துத் தடயத்தைச் சேர்க்க வேண்டும்; அதன் பிறகே பொருளைக் கொண்டுவரும் வழியைப் பார்க்க வேண்டும்.

முதற்படி: கசிவை அடைத்தல்

கார்டு வேறு, கணக்கு வேறு. கார்டு என்பது கணக்கிற்குரிய பல சாவிகளுள் ஒன்று. அதை முடக்கினால் அந்தச் சாவி மட்டுமே பயனற்றுப் போகும். ஓய்வூதியம் வழக்கம்போல் வரவாகும். காசோலையும் பாஸ்புக்கும் செல்லும். புதிய கார்டும் கிடைக்கும். பை மறுநாளே கிடைத்துவிட்டாலும் நமக்கு நட்டம் ஒரு புதிய கார்டுக்கான கட்டணம் மட்டுமே.

தாமதத்தின் விலையோ பெரிது. இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, அனுமதியற்ற மின்னணுப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்பை வரையறுக்கிறது. வங்கியிடமும் குறையில்லை, வாடிக்கையாளரிடமும் குறையில்லை, பிழை வேறெங்கோ நேர்ந்தது என்றால், வங்கியின் தகவல் கிடைத்து மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவிப்பவருக்கு இழப்பில் பங்கில்லை. ஆனால் வாடிக்கையாளரின் கவனக்குறைவால் இழப்பு நேர்ந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் இழப்பு முழுவதும் அவரையே சாரும். தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியைச் சாரும்.

கார்டும் பின் எண்ணும் ஒரே பையில் இருப்பதைக் கவனக்குறைவு அன்று என்று வாதிடுவது கடினம். ஆகவே அந்த முப்பத்தாறு மணி நேரத்தில் பணம் போயிருந்தால் அது அம்மையாரின் பணமாகவே போயிருக்கும். நாங்கள் கார்டை முடக்கிவிட்டுக் கணக்கைப் பார்த்தோம். எதுவும் போயிருக்கவில்லை. அது அதிர்ஷ்டம், ஏற்பாடு அன்று.

பின் எண் தெரியாதவரிடம் கார்டு சிக்கினால் ஆபத்தில்லை என்றும் எண்ண வேண்டாம். வெளிநாட்டு இணைய வணிகத் தளங்கள் பலவற்றில் ஓ.டி.பி. இன்றியே பரிவர்த்தனை நிறைவேறுவதுண்டு. 2020 ஜனவரி 15 அன்று வெளியான ரிசர்வ் வங்கியின் மற்றொரு சுற்றறிக்கைப்படி, வெளிநாட்டுப் பயன்பாடு, இணையப் பயன்பாடு, தொடாமல் செலுத்தும் வசதி ஆகிய ஒவ்வொன்றையும் வாடிக்கையாளரே திறக்கவும் மூடவும் உச்சவரம்பு வைக்கவும் இயலும். பயணம் முடிந்து விமானம் ஏறுமுன் வெளிநாட்டுப் பயன்பாட்டை மூடிவிடும் பழக்கம் நன்று.

அடுத்தது கைப்பேசி. தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் கூறி சிம்மை முடக்க வேண்டும். வங்கியிடம் கூறி யு.பி.ஐ., மொபைல் வங்கிச் சேவைகளை நிறுத்த வேண்டும். பிறகு அதே எண்ணில் மாற்றுச் சிம் பெறலாம். மாற்றுச் சிம் இயங்கத் தொடங்கிய முதல் 24 மணி நேரத்திற்கு எஸ்.எம்.எஸ். வசதி நிறுத்தி வைக்கப்படுவது வழக்கம். ஓ.டி.பி. வரவில்லையே என்று அப்போது பதற வேண்டாம். அது நம் பாதுகாப்புக்கான ஏற்பாடே.

இரண்டாம் படி: தடயத்தைச் சேர்த்தல்

உலகப் புகழ் பெற்ற செல்லோ இசைக் கலைஞர் யோ-யோ மா, 1999 அக்டோபர் 16 அன்று நியூயார்க்கில் ஒரு டாக்சியில் பயணம் செய்தார். வெனிஸ் நகரில் டொமெனிக்கோ மொன்டஞானா 1733இல் செய்த அவருடைய செல்லோ டாக்சியின் டிக்கியில் இருந்தது. அதன் மதிப்பு சுமார் 25 இலட்சம் டாலர். விடுதி வாசலில் இறங்கியவர் செல்லோவை மறந்துவிட்டார். நியூயார்க்கில் ஓடும் ஆயிரக்கணக்கான மஞ்சள் டாக்சிகளுள் அது எது? அவர் கையில் டாக்சிக் கட்டண ரசீது இருந்தது. அதைக் கொண்டு காவல்துறையினர் வண்டியை அடையாளம் கண்டு, குவீன்ஸ் பகுதியில் இருந்த வண்டிக் கொட்டிலில் செல்லோவை அன்றே மீட்டனர். 25 இலட்சம் டாலர் பொருளைத் திருப்பித் தந்தது ஒரு துண்டுச் சீட்டு.

நம் அம்மையாரிடம் ரசீது இல்லை. மீந்திருந்த சிங்கப்பூர் நாணயங்களைத் தீர்க்கும் பொருட்டு ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, ரசீது கேளாமல் இறங்கிவிட்டனர். ஆனால் டாக்சியை வரவழைத்தவர்கள் விடுதி வரவேற்பு மேசையினர். அங்கே பதிவு இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றியது. அறை எண், புறப்பட்ட நாள், நேரம், சென்ற இடம், பையின் நிறம், உள்ளிருந்த பொருட்கள் ஆகியவற்றைக் குறித்து அன்றே விடுதிக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னோம். மறுநாள் வண்டி எண் கிடைத்தது. மூன்றாம் நாள் அந்த டாக்சி நிறுவனத்தின் தொலைந்த பொருள் பிரிவிலிருந்து பதில் வந்தது. ஓட்டுநர் பையை அன்றிரவே ஒப்படைத்திருக்கிறார்.

நேர்மையான மனிதர்கள் எல்லா ஊர்களிலும் உண்டு. பொருளும் உரியவரும் சந்திக்க வேண்டுமானால் நடுவில் ஒரு பதிவு வேண்டும். ஜப்பானில் இதற்கெனவே 1899ஆம் ஆண்டிலிருந்து சட்டம் இருக்கிறது. இன்று நடைமுறையில் உள்ள வடிவப்படி, கண்டெடுத்தவர் பொருளைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பார். அது மூன்று மாதம் காத்து வைக்கப்படும். உரியவர் வந்து பெறும்போது கண்டெடுத்தவருக்குப் பொருள் மதிப்பில் 5 முதல் 20 விழுக்காடு வரை வெகுமதி உண்டு. டோக்கியோ காவல்துறைக்கு 2023ஆம் ஆண்டில் மட்டும் 40 இலட்சத்திற்கும் மேற்பட்ட பொருட்கள் வந்து சேர்ந்தன. இலண்டன் நகரப் போக்குவரத்துத் துறை 1933 முதல் தொலைந்த பொருட்களுக்கென்றே தனி அலுவலகம் நடத்துகிறது. அங்கும் காத்து வைக்கும் காலம் மூன்று மாதமே. காலவரம்பு எல்லா இடங்களிலும் உண்டு என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

பாஸ்போர்ட் மட்டும் தனி வகை. வெளிநாட்டில் இருக்கும்போதே அது தொலைந்தால், உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் எழுதிச் சான்று பெற்று, இந்தியத் தூதரகத்தை அணுக வேண்டும். உடனே நாடு திரும்ப வேண்டியவர்களுக்கு ஒருவழிப் பயணத்திற்கான அவசரச் சான்றிதழ் அங்கே வழங்கப்படும். இங்கே ஓர் எச்சரிக்கை: தொலைந்ததாக அறிவித்து இரத்தான பாஸ்போர்ட் பிறகு கிடைத்தாலும் அதைக் கொண்டு பயணம் செய்ய இயலாது. எனவே அறிவிக்குமுன் விடுதி அறையின் பெட்டகத்தையும் பெட்டியின் அடித்தட்டையும் ஒருமுறை பார்த்துவிடுதல் நலம். கார்டுக்குச் சொன்ன விதி இங்கே பொருந்தாது. கார்டை முடக்கிவிட்டுத் தேடலாம். பாஸ்போர்ட்டைத் தேடிவிட்டுத்தான் அறிவிக்க வேண்டும்.

மூன்றாம் படி: ஊருக்குக் கொண்டுவருதல்

இருக்குமிடம் தெரிந்த பின் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று கூரியர் அல்லது அஞ்சல். நம் பழைய பொருளே ஆனாலும், வெளிநாட்டிலிருந்து பார்சலாக வரும்போது சுங்கத்துறையின் பார்வையில் அது இறக்குமதிதான். பயன்படுத்திய சொந்தப் பொருள், இங்கிருந்து எடுத்துச் சென்றது என்று காட்டும் பொறுப்பு நம்முடையது. பாஸ்போர்ட் நகல், பயணச்சீட்டு, பொருளை வாங்கிய ரசீது ஆகியவை உதவும். பவர் பேங்க் போன்ற தனி லித்தியம் பேட்டரிகளைப் பல கூரியர் நிறுவனங்கள் ஏற்பதில்லை. தங்க நகையைப் பார்சலில் அனுப்பச் சொல்லவே வேண்டாம். விலையுயர்ந்த நகையுடன் பயணம் செய்வோர், புறப்படும்போதே விமான நிலையச் சுங்க அலுவலரிடம் நகையைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் பெற்றுக்கொண்டால், திரும்பிவரும்போது கேள்வி எழாது.

மற்றொரு வழி, அங்குள்ள நம்பிக்கையான ஒருவர் பெற்று நேரில் கொண்டுவருவது. அம்மையார் இதையே தேர்ந்தார். சிங்கப்பூரில் பணிபுரியும் உறவினர் ஒருவருக்குக் கையொப்பமிட்ட அதிகாரக் கடிதமும் தம் பாஸ்போர்ட் நகலும் அனுப்பினார். அவர் ஓணம் விடுமுறைக்கு ஊர் வரும்போது பையைக் கொண்டுவருவதாக ஏற்பாடாயிற்று.

காத்திருப்பவரைத் தேடி வரும் அழைப்பு

அந்த இடைவெளியில், இரண்டாம் வாரத்தில், கணவர் மட்டும் எங்கள் கவுன்ட்டருக்கு வந்தார். ஒரு கணக்கு எண்ணை நீட்டி, உடனே பணம் அனுப்ப வேண்டும் என்றார். யாருக்கு என்று எங்கள் ஊழியர் கேட்டார். சுங்கத்துறையிலிருந்து அழைப்பு வந்ததாம். சிங்கப்பூரிலிருந்து பார்சல் வந்திருக்கிறது, வரி கட்டாவிட்டால் வழக்குப் பதிவாகும் என்றார்களாம். உறவினர்தான் முந்திக்கொண்டு பார்சலில் அனுப்பிவிட்டார் போலும் என்று அவர் நம்பிவிட்டார். கணக்கோ ஒரு தனிநபருடையது.

உறவினரைத் தொலைபேசியில் அழைக்கச் சொன்னோம். பை அவர் வீட்டு அலமாரியில் இருந்தது.

அழைத்தவருக்கு அந்தப் பையைப் பற்றி ஏதும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பார்சல் வந்திருக்கிறது என்று நூறு பேரை அழைக்கின்றனர். எதையும் எதிர்பாராதவர்கள் துண்டித்துவிடுகின்றனர். உண்மையிலேயே ஒரு பொருளுக்காகக் காத்திருப்பவர் மட்டும் நம்புகிறார். தம் பொருள் என்ற ஆவலே அவரை ஏமாற்றிவிடுகிறது. சுங்கத்துறை தொலைபேசியில் மிரட்டித் தனிநபர் கணக்கில் வரி வசூலிப்பதில்லை. அத்துறையின் கடிதங்களில் டி.ஐ.என். எனப்படும் ஆவண அடையாள எண் இருக்கும். அதை அதிகாரப்பூர்வ இணையதளத்தில் சரிபார்க்கலாம். ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால் 1930 என்ற தேசிய உதவி எண்ணை உடனே அழைத்துவிட்டு வங்கிக்கும் தெரிவியுங்கள். இங்கும் நிமிடங்களே கணக்கு.

புறப்படுமுன் ஒரு தாள்

அடுத்த பயணத்திற்கு முன் ஒரு தாளில் இவற்றை எழுதி, கைப்பையில் அல்லாமல் வேறோர் இடத்தில் வையுங்கள். மற்றொரு படி வீட்டில் இருக்கட்டும்.

1. வெளிநாட்டிலிருந்து அழைக்கத்தக்க வங்கி எண். 1800இல் தொடங்கும் கட்டணமில்லா எண்கள் பிற நாடுகளிலிருந்து பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆகவே +91 சேர்த்து அழைக்கும் எண்ணைக் கிளையில் கேட்டு வாங்குங்கள்.

2. கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும். பின் எண்ணை எழுதவே கூடாது.

3. பாஸ்போர்ட் எண், வழங்கிய நாள், செல்லும் நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தின் தொலைபேசி எண்.

4. கைப்பேசியின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண். கைப்பேசியில் *#06# அழுத்தினால் தெரியும்.

5. பயணக் காப்பீட்டுப் பாலிசி எண். கவனிப்பாரின்றி விட்டுவந்த பொருளுக்குப் பெரும்பாலான பாலிசிகள் இழப்பீடு தருவதில்லை. திருட்டுக்கும் காவல்துறைச் சான்று கேட்கும். விதிகளை முன்பே படியுங்கள்.

இரண்டு கார்டுகள் இருந்தால் இருவரிடம் பிரித்து வையுங்கள். டாக்சியோ விடுதியோ உணவகமோ, ரசீதை ஊர் திரும்பும் வரை எறியாதீர்கள். இறங்கும்போது இருக்கையை ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

அம்மையாரின் பை நான்காம் வாரம் வந்து சேர்ந்தது. கைப்பேசி, கண்ணாடி, நாட்குறிப்பு எல்லாம் இருந்தன. பழைய கார்டை எங்களிடம் கொடுத்தார், இரண்டாக வெட்டினோம். நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தை அவரே கிழித்தெடுத்தார்.