ஐந்தாம் ஆண்டில் சர்வருக்குப் பணம் கட்டுவது யார்?

தொண்டு நிறுவனங்களுக்காக இணையதளமும் செயலியும் உருவாக்கும் வேலைக்குப் புதிதாக வருகிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். பெரும்பாலும் மூன்று தரப்பைச் சேர்த்துக்கொண்டுதான் நீங்கள் வேலையைத் தொடங்குகிறீர்கள். நிதி தர ஒப்புக்கொண்ட ஒரு நிறுவனம், மென்பொருள் எழுதித் தரும் ஒரு குழு, அதைப் பயன்படுத்தப்போகும் ஓர் அரசுத் துறை அல்லது கிராம அமைப்பு. மூவரும் நல்ல மனத்தோடுதான் வருகிறார்கள். ஆனால் வேலை முடியும் நாள் மூவருக்கும் வேறு வேறு. நிதி தருபவருக்கு அது மார்ச் 31. மென்பொருள் குழுவுக்கு அது தளத்தின் திறப்பு விழா. பயன்படுத்துகிறவருக்கோ வேலை அன்றுதான் ஆரம்பம். கூட்டு முயற்சிகள் அறுந்துபோவது இந்த இடத்தில்தான். கீழே உள்ளவற்றை அதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

1. திரையை வரையும் முன் நோட்டைப் பாருங்கள்.

ஒரு துணை சுகாதார நிலையத்துக்குப் போய், கிராம சுகாதாரச் செவிலியர் ஒரு நாளில் எந்தெந்தப் பதிவேட்டில் எதை எழுதுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கர்ப்பிணிகளுக்கு ஒன்று, தடுப்பூசிக்கு ஒன்று, மருந்து இருப்புக்கு ஒன்று. நீங்கள் கட்டப்போகும் தளம் இவற்றில் எந்த நோட்டை மூட வைக்கும்? எதையும் மூடாது என்றால், அவர் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுகிறீர்கள் என்றே பொருள்.

மருத்துவப் பதிவுகளுக்கான ஓப்பன்எம்ஆர்எஸ் மென்பொருள் 2006-ல் கென்யாவின் எல்டோரெட் நகரில் ஓடத் தொடங்கியது. அமெரிக்காவின் ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனமும் பார்ட்னர்ஸ் இன் ஹெல்த் என்ற தொண்டு அமைப்பும் சேர்ந்து தொடங்கிய முயற்சி அது. அங்கே எச்.ஐ.வி. சிகிச்சை தந்துகொண்டிருந்த மருத்துவர்களை யாரும் கணினி முன் உட்காரச் சொல்லவில்லை. அவர்கள் வழக்கம்போலத் தாளில் படிவம் நிரப்பினார்கள். அதைக் கணினியில் ஏற்றத் தனி ஊழியர்கள் இருந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் காத்திருக்கும் மருத்துவமனையில் மருத்துவரின் நிமிடம் எவ்வளவு அரிது என்பதை அந்த மென்பொருளாளர்கள் அறிந்திருந்தார்கள். தாளை ஒழிப்பதை அல்ல, சுமையைக் குறைப்பதையே உங்கள் வெற்றியின் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

2. புதிதாக எழுதும் முன், இருப்பதை எடுத்து வளையுங்கள்.

இந்த அறிவுரை இளைஞர்களுக்குப் பிடிப்பதில்லை. எல்லாவற்றையும் முதல் வரியிலிருந்து எழுத ஆசைப்படுகிறீர்கள். இலங்கையில் நடந்ததைச் சொல்கிறேன்.

2020 ஜனவரி 27 அன்று அங்கே முதல் கொரோனா நோயாளி உறுதிசெய்யப்பட்டார். வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குகிறவர்களைப் பதிவுசெய்து, பிறகு அவர்கள் வசிக்கும் ஊரில் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். அதற்கென்று ஆயத்த மென்பொருள் எதுவும் இல்லை. சுகாதார அமைச்சும் ஹிஸ்ப் ஸ்ரீலங்கா என்ற அமைப்பும் சேர்ந்து, சுகாதாரத் தகவல்களைத் திரட்டும் டி.எச்.ஐ.எஸ்.2 என்ற கட்டற்ற மென்பொருளின் மேல் அதைச் சில நாட்களில் அமைத்தார்கள். அமைத்ததைப் பூட்டி வைக்காமல் மற்ற நாடுகளுக்கும் கொடுத்தார்கள். டி.எச்.ஐ.எஸ்.2-ஐ வளர்க்கும் ஆஸ்லோ பல்கலைக்கழகம் இருப்பது நோர்வேயில். அந்த நோர்வேயின் நகராட்சிகளே, தொற்றாளர்களோடு பழகியவர்களைக் கண்டறிய இதே வழியைப் பின்பற்றின.

இந்த வேகத்தை மட்டும் பார்த்து வியந்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். டி.எச்.ஐ.எஸ். பிறந்தது 1990-களில், நிறவெறி ஆட்சியிலிருந்து விடுபட்ட தென்னாப்பிரிக்காவில். இணையத்தில் ஓடும் அதன் இரண்டாம் பதிப்பு முதலில் களம் கண்டது 2006-ல், கேரளத்தில். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவனம் ஆஸ்லோவின் துணையோடு மருத்துவர்களுக்கே மருத்துவத் தகவலியலில் முதுநிலைப் படிப்பு நடத்தி வந்தது. அமைச்சுக்குள் இருந்த மருத்துவர்களுக்கே அந்த மென்பொருளைக் கையாளத் தெரிந்திருந்தது. சில நாட்களில் முடிந்த வேலைக்குப் பின்னால் பத்தாண்டுக் கூட்டுறவு இருக்கிறது. கூட்டாளியை அவசரத்தில் தேடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

3. தன்னார்வலர்களின் நேரத்தை நம்பித் தொடங்கலாம். அதை நம்பியே நடத்த முடியாது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு சில வாரங்களுக்குள் இலங்கைக் கணினித் துறையினர் சேர்ந்து எழுதிய மென்பொருள் சஹானா. காணாமற்போனவர்கள் பட்டியல், முகாம்களின் விவரம், எந்த அமைப்பு எங்கே வேலை செய்கிறது, எங்கே என்ன தேவை என்று எல்லாம் ஓரிடத்தில் இருந்தன. லங்கா சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு அதை ஒருங்கிணைத்தது. எழுதியவர்கள் பிறகு தங்கள் வேலைக்குத் திரும்பத்தான் வேண்டியிருந்தது. அப்போது ஸ்வீடன் அரசின் வளர்ச்சி உதவி நிறுவனமான சிடாவின் நிதியோடு ஒரு சிறு குழு அமர்ந்து அதைத் திருத்தி எழுதியதால்தான் சஹானா மற்ற நாடுகளின் பேரிடர்களுக்கும் போனது. 2006-ல் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனின் சமூகநலத் திட்டங்களுக்கான விருதும் அதற்குக் கிடைத்தது. தன்னார்வலர் போன பிறகு சம்பளத்துக்கு உட்கார்ந்து தொடர ஒருவராவது வேண்டும். அந்தச் சம்பளத்தைத் திட்ட மதிப்பீட்டில் கூச்சப்படாமல் எழுதுங்கள்.

4. மூலநிரல் யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பணம் கொடுத்து எழுதச் சொன்னோம், ஆகவே மென்பொருள் நம்முடையது என்று பலர் நினைக்கிறார்கள். இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உங்களிடம் மாதச் சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் பணியின் பகுதியாக எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை உங்களுக்கு. வெளியிலிருந்து ஒப்பந்தத்துக்கு எழுதித் தருபவர் என்றால், அவர் எழுத்துமூலம் மாற்றித் தராதவரை உரிமை அவரிடமே இருக்கும். 19-ஆம் பிரிவை ஒரு வழக்கறிஞரோடு உட்கார்ந்து படியுங்கள். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் அந்த உரிமை மாற்றம் 5 ஆண்டுகளுக்கு மட்டும் என்று கொள்ளப்படும். எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்.

என் தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான். பொதுப் பணத்தில், பொதுமக்களுக்காக எழுதப்படும் மென்பொருளைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிடுங்கள். அப்போது எந்தக் கூட்டாளி விலகினாலும் மற்றவர் கையில் நிரல் இருக்கும்.

5. டொமைனும் பாஸ்வேர்டும் அமைப்பின் பெயரில் இருக்கட்டும்.

டெவலப்பரின் சொந்த மின்னஞ்சலில் டொமைன் பதிவாவதும், அவர் வேலை மாறியதும் புதுப்பிக்கச் சொல்லி வரும் கடிதங்கள் யார் கண்ணிலும் படாமல் போவதும் இன்றும் நடக்கிறது. .காம், .ஆர்க் போன்ற பெயர்கள் காலாவதியாகி நீக்கப்பட்டால், கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாள் உண்டு. அதையும் தவறவிட்டால் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை வாங்கலாம். டொமைனைப் போலவே பேக்கப்பும் அமைப்பின் கையில் இருக்கட்டும், ஆனால் எடுத்து வைத்தால் மட்டும் போதாது. அதிலிருந்து தளத்தை மீண்டும் எழுப்பிப் பார்த்திருக்க வேண்டும்.

6. கேட்காத தகவலை யாரும் திருட முடியாது.

படிவம் வடிவமைக்கும் கூட்டத்தில் ஒவ்வொரு கூட்டாளியும் ஒரு கேள்வியைச் சேர்ப்பார். சாதி, ஆதார், கைப்பேசி எண், கணவர் பெயர் என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, இதை வைத்து யார் என்ன முடிவு எடுக்கப்போகிறார் என்று எழுதச் சொல்லுங்கள். பதில் இல்லாத கேள்வியை நீக்குங்கள். குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்த ஒரு பெண்ணின் முகவரி வெளியே போனால் நீங்கள் கேட்கும் மன்னிப்பு அவரைக் காப்பாற்றாது. 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படியும், தரவை எதற்காக, எப்படிக் கையாள்வது என்று முடிவுசெய்யும் அமைப்பே பொறுப்பு. உங்கள் சார்பில் அதை வேறொரு நிறுவனம் கையாண்டாலும் அந்தப் பொறுப்பு உங்களை விட்டுப் போகாது.

7. பணம் எப்போது நிற்கும் என்று முதல் நாளே கணக்குப் போடுங்கள்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) நிதியில் தொடர் திட்டம் என்று எடுத்துக்கொண்டால், தொடங்கிய நிதியாண்டு போக அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். ஐந்தாம் ஆண்டில் சர்வர் வாடகை, பாதுகாப்புத் திருத்தங்கள், உதவி கேட்டு வரும் தொலைபேசிக்குப் பதில் சொல்பவரின் சம்பளம் ஆகியவற்றை யார் தருவார்கள்? பெயரும் தொகையும் இல்லாத பதிலை ஏற்காதீர்கள்.

வெளிநாட்டு நிதி என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2020-ல் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் (எஃப்.சி.ஆர்.ஏ.) திருத்தப்பட்ட பிறகு, ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டு நன்கொடையை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. பெரிய அமைப்பு வாங்கிச் சிறிய கூட்டாளிகளுக்குப் பிரித்துத் தரும் பழைய ஏற்பாட்டை நினைத்துத் திட்டம் தீட்டினால் அது முதல் தவணையிலேயே நின்றுவிடும். ஆடிட்டரைக் கேட்காமல் கூட்டாளிக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

8. தமிழைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

ஆங்கிலத்தில் முடித்துவிட்டு மொழிபெயர்த்துக்கொள்ளலாம் என்பார்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. பொத்தானுக்குள் அடங்காமல் வழியும், பட்டியல் உடையும். முதல் திரையையே தமிழில் வரையச் சொல்லுங்கள். தரவு முழுக்க யூனிகோடில் இருக்கட்டும். 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் தங்கள் மின்னூல்களைப் பழைய குறியேற்றத்திலிருந்து யூனிகோடுக்குக் கொண்டுவரும் உழைப்பைச் செய்ததால்தான் இன்று அவற்றில் ஒரு சொல்லைத் தேடி எடுக்க முடிகிறது. பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடைபட்ட அலுவலகக் கோப்புகளை அப்படியே தளத்தில் ஏற்றினால் தேடலில் ஒன்றும் கிடைக்காது.

9. ஒப்படைக்கும் நாளை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

நல்ல அமைப்புகள் விலகியும் இருக்கின்றன. நுண்கடன் அமைப்புகளுக்கான மிஃபோஸ் மென்பொருளைத் தொடங்கிய கிராமீன் ஃபவுண்டேஷன் 2011-ல் அதைச் சமூகத்திடம் ஒப்படைத்தது. மிஃபோஸ் இனிஷியேட்டிவ் அதைத் தொடர்ந்தது. சஹானாவுக்கு 2009-ல் தனி அறக்கட்டளை அமைந்தது. தொடங்கியவரே கடைசிவரை நடத்த வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் வாங்கிக்கொள்ள ஆள் தயாராக இருக்க வேண்டும். ஆகவே புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், பயன்படுத்தப்போகும் அமைப்பிலிருந்து இருவரைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். முதல் மாதத்திலிருந்தே அவர்கள் உங்கள் குழுவோடு அமர்ந்து கற்கட்டும். ஒருவரை மட்டும் கேட்காதீர்கள், அவருக்கு இடமாற்றம் வரும். இருவரைத் தர அந்த அமைப்பு தயங்கினால், கையெழுத்தைத் தள்ளிப் போடுங்கள்.