டாக்டர் வரும் வரை

நம் நாட்டில் ஏறக்குறைய 6 லட்சம் கிராமங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கிராமத்திலும் டாக்டர் இருக்கிறாரா? இல்லை. பெரும்பாலான டாக்டர்கள் நகரங்களில்தான் இருக்கிறார்கள்.

நோய்க்கு நகரம், கிராமம் என்ற வேறுபாடு கிடையாது. பிறந்த குழந்தைக்கு நள்ளிரவிலும் மூச்சு இரைக்கலாம். டாக்டர் 20 மைல் தொலைவில் இருப்பார். அதுவரை அந்தக் குழந்தையை யார் பார்ப்பது? இந்தப் பாடம் அதைப் பற்றித்தான் பேசுகிறது.

அரசு போட்ட திட்டம்

கிராம மக்களுக்காக அரசு மூன்று படிகளை அமைத்திருக்கிறது.

முதல் படி துணை சுகாதார நிலையம். சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று. மலைப் பகுதியிலும் பழங்குடி மக்கள் வாழும் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று. இங்கே செவிலியர் இருப்பார்.

இரண்டாம் படி ஆரம்ப சுகாதார நிலையம். சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று. மலைப் பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று. இங்கே டாக்டர் இருப்பார்.

மூன்றாம் படி சமுதாய சுகாதார மையம். சமவெளியில் 1,20,000 பேருக்கு ஒன்று. அறுவை சிகிச்சைக்கும், பிரசவத்துக்கும், குழந்தை நோய்க்கும் தனித்தனி டாக்டர்கள் இங்கே இருக்க வேண்டும். ஆனால் பல மையங்களில் இந்த டாக்டர்களின் இடங்கள் காலியாகவே கிடக்கின்றன.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

ஒரு நாள் காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 100 நோயாளிகள் வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் ஒருவர்தான். அவர் 5 மணி நேரம் உட்கார்ந்து பார்க்கிறார். 5 மணி நேரம் என்றால் 300 நிமிடம். ஒரு நோயாளிக்குக் கிடைப்பது 3 நிமிடம்.

மூன்று நிமிடத்தில் நோயாளி என்ன சொல்ல முடியும்? டாக்டர் என்ன கேட்க முடியும்? "டாக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை" என்று நோயாளி வருத்தப்படுகிறார். "இத்தனை பேரை நான் ஒருவனாக எப்படிப் பார்ப்பேன்?" என்று டாக்டர் வருத்தப்படுகிறார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

டாக்டர் ஏன் கிராமத்தில் தங்குவதில்லை?

"படித்துவிட்டுப் பணம் சம்பாதிக்கப் போய்விடுகிறார்கள்" என்று நாம் சொல்கிறோம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் வேறு காரணங்களும் இருக்கின்றன.

டாக்டர் தங்குவதற்கு நல்ல வீடு இருப்பதில்லை. அவருடைய பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி இருப்பதில்லை. மின்சாரம் அடிக்கடி நின்றுவிடுகிறது. மருந்து தீர்ந்துபோகிறது. ரத்தம் பரிசோதிக்க வசதி இல்லை. ஆபத்தான நிலையில் ஒருவர் வந்தால் கலந்து பேச இன்னொரு டாக்டர் இல்லை.

இன்னொன்றும் உண்டு. பல குடும்பங்கள் கடைசி நேரத்தில்தான் நோயாளியைக் கொண்டுவருகின்றன. முதலில் மந்திரிக்கிறார்கள். பிறகு படிக்காத வைத்தியரிடம் ஊசி போடுகிறார்கள். உடல் குளிர்ந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடி வருகிறார்கள். அப்போது டாக்டரால் உயிரைக் காப்பாற்ற முடியாமல் போகிறது. துக்கம் கோபமாக மாறுகிறது. சில இடங்களில் டாக்டரை அடித்தும் விடுகிறார்கள். அடிபட்ட டாக்டர் அந்த ஊரில் தங்குவாரா? அவர் போய்விட்டால் அடுத்த நோயாளியின் கதி என்ன?

காடு நிறைந்த ஒரு மாவட்டம்

மகாராஷ்டிர மாநிலத்தின் கிழக்குக் கோடியில் கட்சிரோலி மாவட்டம் இருக்கிறது. அதில் பெரும்பகுதி காடு. கோண்டு முதலிய பழங்குடி மக்கள் அங்கே வாழ்கிறார்கள். சாலை குறைவு. மழைக்காலத்தில் ஓடைகள் பெருகி வழியை மறித்துவிடும்.

1986-ஆம் ஆண்டு இரண்டு டாக்டர்கள் அங்கே போனார்கள். ஒருவர் அபய் பங். மற்றவர் அவருடைய மனைவி ராணி பங். இருவரும் நாகபுரியில் மருத்துவம் படித்தவர்கள். பிறகு அமெரிக்காவில் பொது சுகாதாரம் படித்தவர்கள். நகரத்தில் அவர்கள் வசதியாக வாழ்ந்திருக்க முடியும். ஆனால் கட்சிரோலியில் 'சர்ச்' என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

ஆஸ்பத்திரிக்கு வர மக்கள் ஏன் தயங்குகிறார்கள் என்று அவர்கள் விசாரித்தார்கள். பெரிய கட்டடம் பயமாக இருக்கிறது என்றார்கள் மக்கள். உறவினரை உடன் தங்க விடுவதில்லை என்றார்கள். டாக்டரும் நர்சும் வெள்ளை உடுத்துகிறார்கள், நாங்கள் பிணத்துக்குத்தான் வெள்ளை போர்த்துவோம் என்றார்கள்.

இதைக் கேட்ட டாக்டர்கள், மக்களின் வீடுகளைப் போலவே குடிசைகளாக ஆஸ்பத்திரி கட்டினார்கள். உறவினர் உடன் தங்க இடம் விட்டார்கள். மக்கள் வணங்கும் தந்தேஸ்வரி அம்மனின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பயம் குறைந்தது. மக்கள் வந்தார்கள்.

மணி எண்ணும் கருவி

ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர முடியாத குழந்தைகள் பல இருந்தன. அங்கே நிமோனியா என்ற நுரையீரல் காய்ச்சல் குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்தது. நேரத்தில் மருந்து கொடுத்தால் பிழைத்துவிடும். ஆனால் சாதாரணச் சளியா, நிமோனியாவா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குழந்தையின் மூச்சை எண்ணினால் தெரிந்துவிடும். நிமோனியா வந்தால் மூச்சு வேகமாக ஓடும்.

கிராமத்து மருத்துவச்சிகளுக்கு இந்த வேலையைக் கற்றுக் கொடுக்க நினைத்தார்கள். அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஐம்பது, அறுபது என்று எண்ணுவது கடினம். அதற்காக எளிய கருவி ஒன்றைச் செய்தார்கள். அதில் ஒரு மணல் கடிகாரம் இருந்தது. அதன் மணல் முழுவதும் கீழே இறங்க ஒரு நிமிடம் ஆகும். பக்கத்தில் கம்பியில் கோர்த்த மணிகள் இருந்தன. பத்து மூச்சுக்கு ஒரு மணியை நகர்த்த வேண்டும். கடைசி மணி சிவப்பு. மணல் தீர்வதற்கு முன் சிவப்பு மணி நகர்ந்துவிட்டால் அது நிமோனியா. உடனே மருந்து கொடுக்க வேண்டும்.

பயிற்சி பெற்ற கிராமத் தொண்டர்களும் மருத்துவச்சிகளும் நோயைக் கண்டுபிடித்தார்கள். மருந்தும் கொடுத்தார்கள். பக்கத்துக் கிராமங்களோடு ஒப்பிட்டால், அந்தக் கிராமங்களில் நிமோனியாவால் இறந்த குழந்தைகள் பாதிக்கும் குறைவு. இந்த முடிவு 1990-இல் வெளியானது.

39 கிராமங்கள்

அடுத்து, பிறந்து 28 நாட்கள் ஆகாத பச்சிளங் குழந்தைகளைக் காப்பாற்ற முயன்றார்கள். 1993-இல் இந்த வேலை தொடங்கியது. 39 கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். அப்போது அங்கே 1,000 குழந்தைகள் பிறந்தால் 62 குழந்தைகள் முதல் 28 நாட்களுக்குள் இறந்துகொண்டிருந்தன.

அந்தந்தக் கிராமத்துப் பெண்களையே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் 5 முதல் 10 வகுப்பு வரைதான் படித்தவர்கள். ஆரோக்கியதூத் என்று அவர்களுக்குப் பெயர் வைத்தார்கள். ஆரோக்கியத்தின் தூதர் என்பது பொருள்.

அவர்கள் என்ன செய்தார்கள்? பிரசவத்தின்போது உடன் இருந்தார்கள். குழந்தையின் எடையைப் பார்த்தார்கள். துணி சுற்றிக் கதகதப்பாக வைக்கச் சொன்னார்கள். தாய்ப்பால் கொடுக்க உதவினார்கள். மூச்சு விடாத குழந்தைக்கு மூச்சு வரச் செய்தார்கள். கிருமி தாக்கிய குழந்தைக்கு, பெற்றோர் சம்மதத்தோடு ஊசி மருந்தும் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள்.

மூன்றாம் ஆண்டில் அந்த 62 என்ற எண்ணிக்கை சுமார் 25 ஆகக் குறைந்தது. இந்த வேலை நடக்காத பக்கத்துக் கிராமங்களில் அப்படிக் குறையவில்லை. 1999-இல் இந்த முடிவு வெளியானது. உலகம் முழுவதும் டாக்டர்கள் இதைப் படித்தார்கள்.

நாடு கற்றுக்கொண்டது

2005-இல் மத்திய அரசு தேசிய ஊரக சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கியது. ஊருக்கு ஒரு பெண்ணை 'ஆஷா'வாக நியமித்தது. ஏறக்குறைய 1,000 பேருக்கு ஓர் ஆஷா. ஆஷா என்ற இந்திச் சொல்லுக்கு நம்பிக்கை என்று பொருள். இன்று நாட்டில் சுமார் 10 லட்சம் ஆஷாக்கள் இருக்கிறார்கள். 2022-இல் உலக சுகாதார நிறுவனம் இவர்களுக்கு விருது கொடுத்தது.

2011 முதல் ஆஷாக்கள் பிறந்த குழந்தையின் வீட்டுக்கே போகிறார்கள். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் பார்க்கிறார்கள். வீட்டில் பிறந்திருந்தால் முதல் நாளும் பார்க்க வேண்டும்.

2005-இல் நம் நாட்டில் பிறந்த 1,000 குழந்தைகளில் 58 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 2020-இல் அது 28 ஆகக் குறைந்தது. இதற்குப் பல காரணங்கள் உண்டு. தடுப்பூசி, ஆஸ்பத்திரிப் பிரசவம், அவசர ஊர்தி, பெண் கல்வி எல்லாம் உதவின. வீடு வீடாக நடந்த பெண்களின் கால்களுக்கும் இதில் பங்கு உண்டு.

ஆனால் ஆஷாக்களுக்கு அரசு ஊழியருக்குரிய சம்பளம் இல்லை. ஊக்கத்தொகைதான் கிடைக்கிறது. அது போதாது என்று பல மாநிலங்களில் அவர்கள் போராடி வருகிறார்கள். நம் குழந்தையைக் காப்பவரின் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும் அல்லவா?

டாக்டர் வேண்டாமா?

அப்படியானால் கிராமத்துக்கு டாக்டரே வேண்டாமா? அப்படி நினைக்கக் கூடாது. வயிற்றில் குழந்தை குறுக்கே கிடந்தால் அறுவை சிகிச்சை செய்ய டாக்டர் வேண்டும். ரத்தப்போக்கு நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி வேண்டும். ஆஷா இருக்கிறார் என்பதற்காக டாக்டரின் இடத்தைக் காலியாக விட்டுவிடக் கூடாது. அந்த இடத்தை நிரப்பும்படி கேட்பது நம் உரிமை.

நோயை முதலில் கண்டுபிடிப்பவர் வீட்டில் இருப்பவர். சரியான இடத்துக்கு அனுப்புபவர் ஊர் சுகாதாரப் பணியாளர். சிகிச்சை செய்பவர் டாக்டர். மூவரும் கைகோர்த்தால்தான் உயிர் பிழைக்கும்.

இந்த அறிகுறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

பச்சிளங் குழந்தைக்கு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

1. பால் குடிப்பதை நிறுத்திவிட்டது.
2. கை கால்கள் துவண்டு கிடக்கின்றன.
3. அழுகை மெலிந்துவிட்டது, அல்லது நின்றுவிட்டது.
4. உடல் சில்லிட்டிருக்கிறது, அல்லது மிகவும் சுடுகிறது.
5. மூச்சு விடும்போது நெஞ்சு உள்ளே இழுக்கிறது.
6. தொப்புளில் சீழ் வருகிறது.
7. வயிறு உப்பியிருக்கிறது.
8. வலிப்பு வருகிறது.
9. ஒரு நிமிடத்தில் 60 அல்லது அதற்கு மேல் மூச்சு விடுகிறது.

குழந்தை அழாமல் இருக்கும்போது மூச்சை எண்ணுங்கள். வயிறு ஒருமுறை எழுந்து தாழ்ந்தால் ஒரு மூச்சு. ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். 2 மாதம் முதல் ஒரு வயது வரை உள்ள குழந்தைக்கு 50-ம், ஒரு வயது முதல் 5 வயது வரை 40-ம் அதற்கு மேலும் போனால் ஆபத்து.

அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் இலவசம். அறுவை சிகிச்சை செய்தாலும் இலவசம். நோயுற்ற பச்சிளங் குழந்தைக்கும் சிகிச்சை இலவசம். 2011 முதல் இது நாடு முழுவதும் நடைமுறையில் இருக்கிறது. எனவே பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம்.

அந்த மூன்று நிமிடம்

டாக்டரிடம் உங்களுக்குக் கிடைப்பது மூன்று நிமிடமாக இருக்கலாம். அதை வீணாக்காதீர்கள். நீங்கள் இப்போது எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டீர்கள். அது இங்கே உதவும்.

காய்ச்சல் எந்தத் தேதியில் வந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். என்ன மருந்து கொடுத்தீர்கள் என்றும் எழுதுங்கள். பழைய மருந்துச் சீட்டையும் தாய் சேய் நல அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். மருந்தை எத்தனை வேளை, எத்தனை நாள் கொடுப்பது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மருந்து அட்டையில் காலாவதித் தேதியைப் படித்துப் பாருங்கள்.

எழுத்து தெரியாத மருத்துவச்சிகள் மணியை நகர்த்தி உயிர்களைக் காத்தார்கள். நமக்கு எண்ணும் தெரியும், எழுத்தும் தெரியும். நம்மால் இன்னும் அதிகம் செய்ய முடியும்.

சொல்லும் பொருளும்

பச்சிளங் குழந்தை – பிறந்து 28 நாட்கள் ஆகாத குழந்தை
நிமோனியா – நுரையீரலைத் தாக்கும் நோய்
காலாவதித் தேதி – அந்த நாளுக்குப் பிறகு மருந்தைப் பயன்படுத்தக் கூடாது
ஊக்கத்தொகை – செய்த வேலைக்கு ஏற்பத் தரும் பணம்

விடை எழுதுங்கள்

1. ஆரம்ப சுகாதார நிலையம் சமவெளியில் எத்தனை பேருக்கு ஒன்று?
2. கட்சிரோலி மக்கள் ஆஸ்பத்திரிக்கு வர ஏன் பயந்தார்கள்?
3. ஒரு மாதக் குழந்தை ஒரு நிமிடத்தில் 66 முறை மூச்சு விடுகிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்?

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் ஊருக்கு அருகில் உள்ள சுகாதார நிலையம் எது? இரவில் அங்கே எப்படிப் போவது?
2. அங்கே டாக்டர் இருக்கிறாரா? இல்லாவிட்டால் ஊர் கூடி யாருக்கு மனு எழுத வேண்டும்?
3. டாக்டரும் செவிலியரும் உங்கள் ஊரில் தங்கி வேலை செய்ய நீங்கள் என்ன உதவி செய்ய முடியும்?