பள்ளிக்கூடத்துப் பந்தி



பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலைமை ஆசிரியரிடம் என்னவெல்லாம் கேட்கிறோம்? கட்டணம் எவ்வளவு, பஸ் வருமா என்று கேட்கிறோம். சிலர் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் கேட்பதுண்டு: "எங்கள் பையனை இன்னார் பிள்ளைகளோடு உட்கார வைக்க வேண்டாம்." இப்படிப் பெற்றோர் கேட்ட ஒரு சலுகையினால் ஒரு நல்ல கல்விச்சாலை பட்ட பாட்டை இந்த வாரம் அறிந்துகொள்வோம்.

1922-ம் வருஷம் வ. வே. சு. ஐயர் திருநெல்வேலிச் சீமையில் சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் ஸ்தாபித்தார். அது சர்க்கார் பள்ளிக்கூடமல்ல. பொதுஜனங்களின் நன்கொடையால் நடந்தது. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியும் பணம் கொடுத்தது. பல ஜாதிப் பிள்ளைகளும் ஒன்றாய்த் தங்கித் தேசபக்தியோடு வளர வேண்டுமென்பது நோக்கம். ஆனால் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் தனியே சாப்பாடு போடப்பட்டது. ஐயர் தம்மளவில் ஜாதி பார்த்து உண்பவரல்லர். அந்த இருவரின் பெற்றோர் கேட்டார்கள், அவர் இணங்கிவிட்டார். அவ்வளவுதான்.

"இரண்டே பேர்தானே?" என்று உங்களுக்குத் தோன்றலாம். அன்றும் பலருக்கு அப்படித்தான் தோன்றிற்று. பந்தியில் உட்கார்ந்த மற்றப் பிள்ளையின் இடத்திலிருந்து சற்றே யோசியுங்கள். அவனை யாரும் அடிக்கவில்லை, வையவுமில்லை. அதே ஆசிரியர், அதே பாடம். சாப்பாட்டு வேளையில் மாத்திரம் இருவர் எழுந்து வேறிடம் போகிறார்கள். தன்னிடம் என்ன குறை என்று அவன் யாரைக் கேட்பான்? பாடப் புத்தகத்தில் இல்லாத இந்தப் பாடத்தை அவன் நாள்தோறும் படித்தான். அந்த இருவரும் படித்தார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம்.

டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமி நாயக்கரும் இதைக் கண்டித்தார்கள். விவகாரம் காந்தியடிகள் வரை போயிற்று. அந்த இருவரை விட்டுவிடலாம், இனிமேல் சேருகிறவர்களுக்குச் சமபந்தியே நிபந்தனை என்று அவர் சமாதானம் சொல்லிப் பார்த்தார்; பிணக்கு தீரவில்லை. 1925-ல் ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். அந்த ஜூன் மாதமே பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய்த் தாமும் உயிர் துறந்தார். குருகுலம் நிலைக்கவில்லை.

அதே 1925 பிப்ரவரியில் நம் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். தீண்டாதாரென்று ஊர் ஒதுக்கி வைத்தவர்களும் மற்றவர்களும் அங்கே ஒன்றாக வசித்தார்கள், ஒன்றாக உண்டார்கள்.

இதெல்லாம் பிறர் விவகாரம் என்று கத்தோலிக்கராகிய நாம் நழுவ முடியாது. வடக்கன்குளத்தில் நம்முடைய கோவிலுக்குள்ளேயே ஜாதிக்கொரு பக்கமாகப் பிரித்த சுவர் இருந்தது. ஒரே நற்கருணை வாங்குகிறவர்களுக்கு நடுவே சுவர்! 1910-ல் கௌசானல் சுவாமியார் அதை இடிக்கச் செய்தார். சுவர் வேண்டுமென்றவர்கள் கோர்ட்டு வரை போய்த் தோற்றார்கள்.

பழங்கதை என்று தள்ளவும் வழியில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. அதன்பின் சர்க்கார் நியமித்த நீதிபதி சந்துருவின் குழு 2024-ல் அறிக்கை கொடுத்தது. ஜாதியைக் காட்டும் வர்ணக் கயிறுகளை மாணவர் கையில் கட்டக்கூடாது, வகுப்பில் பெயரின் அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பவை அதன் யோசனைகளுள் சில. கயிற்றைப் பையன் கையில் கட்டுவது பெரும்பாலும் பள்ளிக்கூடமல்ல, வீடும் தெருவும்தான்.

இன்னொன்று. ஏழைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிகள் நூற்றுக்கு 25 இடம் ஒதுக்க வேண்டுமென்பது கல்வி உரிமைச் சட்டம். அச்சட்டம் சிறுபான்மையோர் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாதென்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அப்படியானால், நம் பள்ளிகளில் குடிசைப் பிள்ளைக்கு இடமுண்டா என்பதை நம் மனச்சாட்சியிடமல்லவா கேட்கவேண்டும்? கட்டணம் கட்டுகிற நாம் முகம் சுளித்தால் நிர்வாகியும் தயங்குவார்.

இன்றிரவு சாப்பிடும்போது உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள்: மத்தியானம் உன் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள்? யாராவது தனியே உட்கார்ந்து சாப்பிட்டார்களா? பதில் வரும்வரை நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம்.