கட்டுரையோடு மாணவர் பெயரும் பயணிக்கட்டும்

மாணவர் படைப்புகளைத் தொகுத்து மின்னிதழாக வெளியிடுவது நம் பள்ளிகளில் பெருகி வருகிறது. கவரைப்பேட்டையில் நான் பணியாற்றும் அரசுப் பள்ளியிலும் கையெழுத்து இதழைத் தட்டச்சு செய்து பி.டி.எஃப். கோப்பாக்குகிறோம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு வேலை தேடி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் படிப்பின் இடையிலேயே ஊர் மாறிச் செல்கிறார்கள். அவர்கள் விட்டுச்செல்வது தாம் எழுதிய ஓரிரு பக்கங்களை மட்டுமே. அவற்றை எழுதியவர் யார், எந்த ஆண்டு, எந்த வகுப்பில் என்பது கோப்பிலேயே பதிவாகியிருக்க வேண்டும்.

மீத்தரவு என்பது என்ன?

ஒரு கோப்பைப் பற்றிய விவரக்குறிப்பே மீத்தரவு. நூலக அட்டையில் நூற்பெயர், ஆசிரியர், ஆண்டு எழுதுவது போன்றது இது. 1995இல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்து டப்ளின் நகரில் தொடங்கிய முயற்சி, தலைப்பு, படைப்பாளி, நாள், மொழி, உரிமை உள்ளிட்ட 15 கூறுகளை வகுத்தது. ஈழத்து நூல்களை மின்வடிவில் பாதுகாக்கும் நூலகம் இணையத்தளத்தில் ஒவ்வொரு நூலுக்கும் நூலக எண், ஆசிரியர், வகை, மொழி, ஆண்டு, பக்கங்கள் எனக் குறிப்பு உண்டு. அதனால்தான் தேடுவது கிடைக்கிறது.

செய்முறை

கட்டணமில்லா மென்பொருளான லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் இதைச் செய்யலாம்.

1. 'ஃபைல்' பட்டியில் 'ப்ராப்பர்ட்டீஸ்' திறக்கவும். 'டிஸ்கிரிப்ஷன்' பகுதியில் தலைப்பு, பொருள், குறிச்சொற்களை நிரப்பவும்.

2. 'கஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ்' பகுதியில் நமக்கு வேண்டிய புலங்களைச் சேர்க்கவும். படைப்பாளி, வகுப்பு, கல்வியாண்டு, படைப்பு வகை, வீட்டுமொழி ஆகிய ஐந்தும் எங்களுக்குப் போதுமானவை.

3. 'ஜெனரல்' பகுதியில் 'அப்ளை யூசர் டேட்டா' என்பதன் தேர்வை நீக்கி, 'ரீசெட் ப்ராப்பர்ட்டீஸ்' அழுத்தவும். இல்லையேல் மென்பொருளில் பதிந்துள்ள பயனர் பெயரே உருவாக்கியவர் பெயராக நிற்கும். தட்டச்சு செய்தவர் படைப்பாளி ஆகிவிடுவார்.

4. 'இன்சர்ட்' பட்டியில் 'ஃபீல்ட்', 'மோர் ஃபீல்ட்ஸ்' வழியே 'டாக் இன்ஃபர்மேஷன்' சென்று, இப்புலங்களைக் கட்டுரையின் அடியில் தோன்றச் செய்யவும். புலத்தின் மதிப்பை மாற்றினால் பக்கத்திலும் மாறும்.

5. இதை 'டெம்ப்ளேட்' ஆகச் சேமித்தால் ஒவ்வொரு கட்டுரைக்கும் புலங்கள் ஆயத்தமாக இருக்கும்.

பி.டி.எஃப். ஆக்கியதும் அதைத் திறந்து பண்புகளைச் சரிபார்க்கவும். மென்பொருளின் பதிப்பைப் பொறுத்து நாம் சேர்த்த புலங்கள் உள்ளே செல்லாமல் போகலாம். பக்கத்தின் அடியில் அச்சாகும் குறிப்பு அப்போது கைகொடுக்கும்.

எவற்றைச் சேர்க்கக் கூடாது?

கண்ணுக்குத் தெரியாத புலம் என்பதால் எதையும் எழுதிவிடலாகாது. கோப்பைப் பெறும் எவரும் அதைப் படிக்க முடியும். எமிஸ் எண், ஆதார் எண், கைபேசி எண், வீட்டு முகவரி, பிறந்த நாள், சாதி விவரம் வேண்டவே வேண்டாம். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதோரின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதலைக் கோருகிறது. பெயரை வெளியிடும் முன் பெற்றோரின் இசைவைப் பெறுவோம். வீட்டுமொழிப் புலத்தைப் பள்ளியில் வைக்கும் படியில் மட்டும் நிரப்புவது நல்லது.

வகுப்பறையில்

புலங்களை மாணவர்களே நிரப்பட்டும். தன் கட்டுரைக்கு மூன்று குறிச்சொற்கள் தேர்ந்தெடுக்கச் சொன்னால், மையக்கருத்தைக் கண்டறியும் பயிற்சி அதிலேயே அமைந்துவிடும். 'படைப்பாளி' என்ற கட்டத்தில் தன் பெயரைத் தட்டச்சு செய்யும் பிள்ளை, எழுத்துக்குப் பொறுப்பேற்கவும் கற்றுக்கொள்கிறது.