வேகமான நெட் இருந்தும் பக்கம் ஏன் தாமதமாகத் திறக்கிறது?

இணைய வேகம் என்று பேச்சு வந்தாலே 'எத்தனை எம்பிபிஎஸ்?' என்றுதான் கேட்கிறோம். ஆனால் ஒரு செய்தித் தளத்தையோ கடைத் தளத்தையோ திறக்கும்போது, நமக்கு எதைக் காட்டுவது என்று எங்கோ ஒரு சர்வர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பல நேரங்களில் நாம் காத்திருப்பது அந்த முடிவுக்காகத்தான். இந்தக் காத்திருப்பைக் குறைக்கச் சர்வர் பக்கத்தில் வைக்கப்படும் கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) பற்றித் தவறான நம்பிக்கைகள் நிறைய உலவுகின்றன. தளங்களைக் கட்டுபவர்களிடமும் அவை இருக்கின்றன.

நம்பிக்கை: பெரிய பிளானுக்கு மாறினால் தாமதம் போய்விடும்.

சாலையை அகலமாக்கினால் அதிக வண்டிகள் போகலாம். மதுரை சென்னைக்குப் பக்கத்தில் வந்துவிடாது. ஃபைபர் இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. ஓடுகிறது. சென்னையிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துக்குக் குறுக்கு வழியில் அளந்தாலே சுமார் 14,000 கி.மீ. சர்வர் அங்கே இருந்தால், கேபிள் அப்படியே நேராகப் போனாலும் போய்வர 140 மில்லிவிநாடி ஆகும். அதுவும் ஒரு தடவை போய்வந்தால் போதாது. இணைப்பு ஏற்பட ஒரு சுற்று, பாதுகாப்புச் சாவிகளைப் பரிமாற இன்னொரு சுற்று (2018-ல் வந்த டிஎல்எஸ் 1.3 பாதுகாப்பு நெறிமுறை இதை ஒன்றாகக் குறைத்தது; முன்பு இரண்டு), பிறகு கோரிக்கைக்கு ஒரு சுற்று. முதல் எழுத்து திரைக்கு வருமுன்பே 420 மில்லிவிநாடி போய்விட்டது. நீங்கள் 40 எம்பிபிஎஸ் வைத்திருந்தாலும் 400 வைத்திருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. பதிலை அருகில் கொண்டுவந்து வைப்பதுதான் வழி.

நம்பிக்கை: கேஷ் என்பது போனில் சேரும் குப்பை, அழித்தால் வேகம் கூடும்.

போனில் இருப்பது உங்களுக்கு மட்டுமானது. அதை அழித்தால் அடுத்த முறை எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டும் என்பதால் வேகம் குறையத்தான் செய்யும். இங்கே பேசுவது சர்வர் பக்கத்துக் கேஷ் பற்றி. ஒருவருக்காகத் தேடி எடுத்த பதிலை நினைவகத்தில் வைத்திருந்து, அடுத்து வரும் ஆயிரம் பேருக்கு அதையே தருவது. லைவ்ஜர்னல் தளத்துக்காக பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் 2003-ல் எழுதிய மெம்கேஷ்டு மென்பொருள் இதற்காகவே பிறந்தது.

நம்பிக்கை: ஆளுக்கு ஆள் மாறும் உள்ளடக்கத்தைக் கேஷ் செய்ய முடியாது.

அனுபவமுள்ள பொறியாளர்களும் இப்படிச் சொல்வதுண்டு. ட்விட்டர் இதற்கு நல்ல மறுப்பு. 2013 வாக்கில் அவர்கள் செய்தது இது: ஒருவர் பதிவிட்டதும், அவரைப் பின்தொடரும் ஒவ்வொருவரின் முகப்புப் பட்டியலிலும் அந்தப் பதிவின் எண்ணை உடனே சேர்த்துவிடுவார்கள். பட்டியல்கள் ரெடிஸ் என்ற மென்பொருளின் வழியே நினைவகத்தில், ஒவ்வொன்றும் சுமார் 800 பதிவுகளோடு, தயாராக இருக்கும். நீங்கள் செயலியைத் திறக்கும்போது தேடுதல் கிடையாது, எடுத்துத் தருதல் மட்டும்தான். கோடிக்கணக்கானோர் பின்தொடரும் பிரபலங்களுக்கு இது கட்டுப்படியாகாது. ஒரே பதிவைக் கோடிப் பட்டியல்களில் எழுதுவதற்குள் நேரம் ஓடிவிடும். அதனால் அவர்களுடைய பதிவுகளை மட்டும், வாசகர் கேட்கும் நேரத்தில் பட்டியலோடு கலந்தார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தப் பிரிப்புதான். எதை முன்கூட்டியே தேர்ந்து வைக்கலாம், எதைக் கேட்ட பிறகு தேர வேண்டும் என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நெட்ஃபிளிக்ஸும் இப்படித்தான் செய்கிறது. படத்தின் கோப்பு, இணையச் சேவை நிறுவனத்துக்குள்ளேயே வைத்த சர்வர் பெட்டிகளிலிருந்து வருகிறது. நெரிசல் இல்லாத நேரத்தில் அவற்றை நிரப்பிவிடுகிறார்கள். எந்தப் படங்களை உங்களுக்குக் காட்டுவது என்ற பரிந்துரைகளில் பெரும்பகுதியை முன்னரே கணக்கிட்டுக் கேஷில் வைத்துவிடுகிறார்கள்.

நம்பிக்கை: கேஷ் போட்டால் பழைய செய்திதான் கிடைக்கும்.

எவ்வளவு பழையது என்பதை நிர்ணயிப்பது நாம்தான். ஒரு கிரிக்கெட் ஸ்கோர் பக்கத்தை விநாடிக்கு 50,000 பேர் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆயுள் ஒரே ஒரு விநாடி என்று கேஷ் வைத்தாலும், தரவுதளத்தை விநாடிக்கு ஒரு முறை தொட்டால் போதும். ஒரு விநாடி பிந்திய ஸ்கோரால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. ஆயுள் முடியும் அந்தக் கணத்தில் அத்தனை பேரும் காலிக் கேஷைக் கண்டு ஒரே நேரத்தில் தரவுதளத்தின் மேல் பாய்ந்தால் அது படுத்துவிடும். ஃபேஸ்புக் பொறியாளர்கள் 2013-ல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கான தீர்வு உண்டு: புதிய பதிலை எடுத்துவர ஒருவருக்கு மட்டும் அனுமதி, மற்றவர்கள் கணநேரம் பொறுக்க வேண்டும், அல்லது சற்றே பழைய பதிலைப் பெறலாம்.

நம்பிக்கை: பதிலின் தலைப்பில் 'நோ-கேஷ்' என்று எழுதிவிட்டால் எங்கும் சேமிக்கப்படாது.

அந்தக் கட்டளையின் பொருள், 'சேமித்துக்கொள், ஆனால் ஒவ்வொரு முறையும் மூலச் சர்வரிடம் கேட்டு உறுதிசெய்த பின் கொடு' என்பதே. சேமிக்கவே கூடாது என்றால் 'நோ-ஸ்டோர்' என்று எழுத வேண்டும்.

கேஷ் அமைப்பில் தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு 2015 டிசம்பர் 25 சாட்சி. ஸ்டீம் விளையாட்டுத் தளத்தின் மீது நடந்த தாக்குதலைச் சமாளிக்க அவசரமாக மாற்றிய கேஷ் அமைப்பு, உள்நுழைந்தவர்களின் சொந்தப் பக்கங்களையும் சேமித்துப் பிறருக்குக் காட்டிவிட்டது. சுமார் 34,000 பேரின் பக்கங்கள் அப்படிப் போயிருக்கலாம் என்று அதை நடத்தும் வால்வ் நிறுவனமே தெரிவித்தது. மின்னஞ்சல் முகவரி, பில் முகவரி, வாங்கியவற்றின் பட்டியல் போன்றவை அவற்றில் சில பக்கங்களில் இருந்தன.

தளம் நடத்துபவர்கள் இன்றைக்கே ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு வெவ்வேறு கணக்குகளில் உள்நுழைந்து, கணக்குப் பக்கத்தின் பதில் தலைப்புகளைப் பாருங்கள். 'பிரைவேட்' (பொதுக் கேஷில் வைக்காதே) அல்லது 'நோ-ஸ்டோர்' அங்கே இல்லையென்றால், வேகத்தைப் பற்றி யோசிக்கும் முன் அதைச் சரிசெய்யுங்கள்.